முடிவும் வினையும்

முன்னுரை

ஆராய்ந்து முடிவு காண்பது ஒன்று. அம்முடிவின்படி வினையை நடத்துவது மற்றொன்று. வள்ளுவர் முன்னதற்குத் 'தெரிந்து செயல்வகை' (அதிகாரம் 47), பின்னதற்கு 'வினைசெயல்வகை' (அதிகாரம் 68) எனத் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தார். இன்றைய நிருவாகவியலும் இவ்விரண்டையும் பிரித்தே வரைகின்றது. பணிகளின் வரிசையைக் காட்டுவது செயல்முறை மாதிரி. எவ்விதியால் முடிவு பிறக்கிறது என்பதைக் காட்டுவது தீர்மான மாதிரி. ஆப்ஜெக்ட் மேனேஜ்மென்ட் குரூப் என்னும் அமைப்பு முன்னதற்குரிய பி.பி.எம்.என். 2.0 குறியீட்டு முறையை 2011இலும், பின்னதற்குரிய டி.எம்.என். முறையை 2015இலும் வெளியிட்டது. இவற்றைப் பிரிப்பதும் இணைப்பதும் எவ்வாறு என்பதைத் தமிழகப் பொறியியல் சேர்க்கை வழியே காண்போம்.

பிரித்தல்

விண்ணப்பம், சான்றிதழ் சரிபார்ப்பு, தரவரிசை, கலந்தாய்வு, இடம் வழங்கல் ஆகியவை செயல்முறை. எப்பிரிவினர்க்கு எத்தனை விழுக்காடு என்பது தீர்மானம். 2007இல் பிற்படுத்தப்பட்டோரின் 30 விழுக்காட்டிற்குள் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. 2009இல் ஆதிதிராவிடரின் 18 விழுக்காட்டிற்குள் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு வந்தது. இரு முறையும் விதி மாறியது. மாணவர் ஏறிய படிகள் மாறவில்லை. விதிகள் ஒரே அட்டவணையில் இருப்பின் அதனை மட்டும் திருத்தினால் போதும். படிதோறும் சிதறிக் கிடப்பின், ஓரிடத்தில் திருத்தி வேறோரிடத்தில் மறக்க நேரும். மறந்த இடத்தில் ஒரு மாணவரின் வாய்ப்பு பறிபோகும்.

இணைத்தல்

பிரித்தல் துண்டித்தல் அன்று. செயல்முறையில் உரிய பணி வந்ததும், அது விவரங்களைத் தீர்மானத்திடம் அளித்து விடை பெறவேண்டும். 2021இல் அரசுப் பள்ளி மாணவர்க்குப் பொறியியற் படிப்பில் 7.5 விழுக்காடு வழங்கப்பட்டது. இங்கே அட்டவணையைத் திருத்துவது மட்டும் போதாது. 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை பயின்ற பள்ளி எது என்பது தெரிந்தாலன்றி அவ்விதி விடை தராது. ஆதலின் விண்ணப்பத்தில் ஒரு வினாவும், சரிபார்ப்பில் ஒரு சான்றும் சேர்தல் வேண்டும். தீர்மானம் கேட்கும் விவரம் ஒவ்வொன்றையும் செயல்முறை முன்னதாகவே திரட்டித் தருதல் வேண்டும். தீர்மானம் தரும் விடை ஒவ்வொன்றிற்கும் செயல்முறையில் ஒரு வழி இருத்தல் வேண்டும். இவ்விரண்டுமே இணைப்பின் இலக்கணம்.

முடிவுரை

'எனக்கு ஏன் இடம் இல்லை?' என்று கேட்கும் மாணவர்க்கு விதியைக் காட்டி விடையளிக்க இயலும் அலுவலகமே நேர்மையான அலுவலகம். விதி வெளிப்படையாய்த் தனித்து நின்றாலன்றி அது கைகூடாது. நாளை அலுவலகங்களில் அமரவிருக்கும் நம் மாணவர்கள் இதனை உளங்கொள்ளல் நன்று.