டிரெய்லரைக் கழற்றிவிட்டு டீசல் போடுங்கள்

கேள்வி: அண்ணே, எனக்கு ஆண்டிபட்டி சக்கம்பட்டி. அப்பா காலம் வரைக்கும் வீட்டில் தறிதான். இப்போது நானும் என் மனைவியும் திருவிழாக்களில் டிபன் கடை போட்டுப் பிழைக்கிறோம். டீசல் பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற டிரெய்லர் கடை ஒன்று செய்து வாங்கியிருக்கிறோம். உள்ளே அடுப்பு, இரண்டு கமர்ஷியல் சிலிண்டர், 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, சின்னதாக ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர். இதுவரை வீரபாண்டித் திருவிழா, குச்சனூர் ஆடிச் சனி என்று பக்கத்திலேயே சுற்றினோம். இந்த வருஷம் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கும், ஐயப்ப சீசனில் குமுளிப் பக்கமும் போக ஆசை. வெறும் வண்டி லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்தது. டிரெய்லர் மாட்டினால் 9தான் வருகிறது. டேங்க் 60 லிட்டர். போன மாதம் ஒரு பங்க்கில் நுழைந்துவிட்டு, வெளியே எடுக்க முடியாமல் அரை மணி நேரம் தவித்துப் போனோம். எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை டீசல் போடுவது? கேனில் வைத்துக்கொள்ளலாமா? கேரளாவுக்குள் போய்ப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: தம்பி, உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. பங்க்கில் தவித்தது டிரெய்லர் மாட்டியிருந்ததால். அப்படியானால் டிரெய்லர் மாட்டியிருக்கும்போது பங்க்குக்குள் போவதை எவ்வளவு குறைக்கலாம் என்று முதலில் பாருங்கள். புறப்படுவதற்கு முந்தைய நாள் இரவு பிக்கப்பை மட்டும் ஓட்டிப் போய் டேங்கை நிரப்பி வந்து, அதற்குப் பிறகு டிரெய்லரை மாட்டுங்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் டிரெய்லரை இறக்கி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கடையைப் போட்டுவிட்டு, மறுபடி பிக்கப்பை மட்டும் எடுத்துப் போய் நிரப்புங்கள். டிரெய்லரோடு பங்க்குக்குள் நுழைய வேண்டியது நடுவழியில் மட்டும்தான். அதுவும் உங்களுக்கு எத்தனை தடவை வருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

60 லிட்டரில் கால் பங்கை, அதாவது 15 லிட்டரை, இல்லாததாகவே நினைத்துக்கொள்ளுங்கள். மீதி 45. லிட்டருக்கு 9 என்றால் 405 கிலோமீட்டர். ஆண்டிபட்டியிலிருந்து உசிலம்பட்டி, மதுரை, திருச்சி, தஞ்சாவூர், நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணி ஏறக்குறைய 340 கிலோமீட்டர். போகிற வழியில் நீங்கள் டீசலே போட வேண்டியதில்லை!

திரும்பி வரும்போது கணக்கு மாறும். அங்கே திருவிழா ஆகஸ்ட் 29-ம் தேதி கொடியேறி செப்டம்பர் 8-ம் தேதி முடியும். அந்த மாதங்களில் நம் பக்கம் மேற்குக் காற்று எப்படி அடிக்கும் என்று ஆண்டிபட்டிக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கண்டமனூர்ப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பதே அதற்காகத்தான். கிழக்கே போகும்போது அந்தக் காற்று முதுகில் தள்ளும், வீடு திரும்பும்போது முகத்தில் அடிக்கும். உங்கள் டிரெய்லரின் முன்பக்கம் ஒரு சுவர் மாதிரி தட்டையாகத்தான் இருக்கும். 9 கொடுத்த வண்டி எதிர்க்காற்றில் ஏழரைக்கு இறங்கினாலும் ஆச்சரியமில்லை. ஏழரை என்றால் 340 கிலோமீட்டருக்கு 45 லிட்டர் போய்விடும், சரியாக நாம் போட்ட கோட்டில் வந்து நிற்கும். அதனால் திரும்புகையில் ஒரு தடவை, திருச்சி தாண்டி மதுரைக்கு வருகிற நான்குவழிச் சாலையில் போடுங்கள். மதுரை வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இழுக்காதீர்கள். நகரத்துக்குள் இருக்கும் பங்க்குகள் டிரெய்லருக்கு ஆகாது.

இந்த 9, 7.5 எல்லாம் மீட்டர் முள்ளைப் பார்த்துச் சொல்கிற கணக்காக இருக்கக் கூடாது. டேங்க் டு டேங்க் எடுங்கள். நாசில் தானாக ‘டக்’கென்று நிற்கும் வரை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, டிரெய்லரோடு 100, 150 கிலோமீட்டர் ஓட்டி, அதே பங்க்கில், அதே பம்ப்பில் மறுபடி நிற்கும் வரை நிரப்புங்கள். ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உங்கள் வண்டியின் உண்மை. சமவெளிக்கு ஒன்று, மலைக்கு ஒன்று, காற்று மாதத்துக்கு ஒன்று என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாசில் நின்ற பிறகு ‘இன்னும் கொஞ்சம் அமுக்குப்பா’ என்று சொல்ல வேண்டாம். டீசல் நுரைத்து வரும். நுரையையும் சேர்த்து டேங்க் நிறைந்ததாக எண்ணினால் கணக்கே தப்பாகிவிடும்.

வேகத்தையும் பாருங்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும். 80-ல் போகிறவர் 60-க்கு இறங்கினால் அந்த எதிர்ப்பு ஏறக்குறைய பாதிதான். 200 லிட்டர் தண்ணீரை ஆண்டிபட்டியிலேயே நிரப்பிக்கொண்டு கிளம்பினால் 200 கிலோவை 340 கிலோமீட்டர் சும்மா இழுக்கிறீர்கள். பாதித் தொட்டி என்றால் அதைவிட மோசம், வளைவில் தண்ணீர் ஒரு பக்கமாக மோதி டிரெய்லரை ஆட்டும். காலியாகக் கொண்டுபோய் அங்கே நிரப்புங்கள்.

குமுளிக் கதை வேறு. வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வரைக்கும் சாலை வயலும் திராட்சைத் தோட்டமுமாக நம்மைத் தாலாட்டிக்கொண்டே போகும். லோயர் கேம்ப் தாண்டியதும் மலை. மேலே குமுளி சுமார் 900 மீட்டர் உயரம். தூரம் கொஞ்சம்தான், ஆனால் முதல், இரண்டாம் கியரிலேயே ஏறும்போது லிட்டருக்கு 4, 5 கூடக் கிடைக்காமல் போகலாம்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பதினைந்து வருஷம் இருக்கும். ஒரு நண்பருக்காக டிரெய்லரில் மெஷின் ஏற்றிக்கொண்டு அதே மலையில் ஏறினேன். கம்பத்தில் முள் காலுக்கு மேலேயே இருந்தது, போதும் என்று விட்டுவிட்டேன். ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு அணைந்தது. டேங்கில் டீசல் இருந்தது. ஆனால் சரிவிலும் திருப்பத்திலும் அது ஒரு மூலைக்கு ஒதுங்கி, உறிஞ்சுகிற குழாய் காற்றை இழுத்துவிட்டது. பின்னால் ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் வரிசையாக நின்றன. ஜீப்பிலிருந்து இறங்கி வந்த பெண்கள்தான் சக்கரத்துக்குக் கல் எடுத்துப் போட்டார்கள். ஃபில்டர் தலையிலிருக்கும் கைப்பம்பை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியே எடுப்பதற்குள் என் உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. அன்றைக்கு அந்தப் பெண்களுக்கு அரை நாள் கூலி என்னால் போயிருக்கும். அது இன்றும் என் மனசில் கிடக்கிறது.

இப்போதைய டீசல் வண்டிகளின் ‘காமன் ரயில்’ இன்ஜினில் டீசல் தீர்ந்து காற்று புகுந்தால் இன்னும் மோசம். அதன் உயர் அழுத்தப் பம்புக்கு டீசல்தான் மசகு எண்ணெய். வறண்டு சுற்றினால் பம்ப் தேயும், செலவு பல ஆயிரங்களில் நிற்கும்.

ஆகவே மலைக்கு ஏறுவதென்றால் கால் டேங்க் கணக்கு செல்லாது. அரை டேங்க்குக்குக் குறையாமல் இருந்தால்தான் ஏற வேண்டும். குமுளிக்கும் அப்படித்தான், 17 கொண்டை ஊசி உள்ள போடிமெட்டுக்கும் அப்படித்தான். ஐயப்ப சீசனில் கூட்டத்தைப் பார்த்து வண்டிகளைக் கம்பத்திலேயே கம்பம்மெட்டுப் பக்கம் திருப்பிவிடுவது உண்டு. ‘கூடலூரில் போட்டுக்கொள்ளலாம்’ என்று வந்தவருக்கு அன்றைக்குக் கூடலூரே வராது. ஆண்டிபட்டியில் நிரப்பிக்கொண்டு கிளம்புகிற உங்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் தேனியிலும் சின்னமனூரிலும் இரண்டு நாள் கடை போட்டுவிட்டு மேலே போவதாக இருந்தால், டீசல் போடுவதைக் கம்பத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். அதிகாலையிலும் மாலையிலும் தோட்ட ஜீப்புகள் பறக்கும். நீளமான வண்டியோடு அந்த நேரத்தில் மலையில் இருக்காதீர்கள்.

கேரளாவில் போடலாமா என்றால், போடலாம், ஆனால் எதற்கு? அங்கே பெட்ரோலும் டீசலும் நம்மைவிட லிட்டருக்குச் சில ரூபாய் அதிகம். 2023 ஏப்ரல் 1 முதல் சமூகப் பாதுகாப்புக்கென்று லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் வேறு சேர்த்தார்கள். எல்லையோரத்து ஊர்க்காரர்கள் இந்தப் பக்கம் இறங்கி வந்து நிரப்பிக்கொண்டு போவது அதனால்தான். விலை மாறுவதானால் காலை 6 மணிக்கு மாறும், அன்றன்றைய விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லை தாண்டுவதானால் பிக்கப்புக்கு மட்டும் பேப்பர் இருந்தால் போதாது. சட்டப்படி டிரெய்லரும் தனி வாகனம், அதன் பதிவுச் சான்றையும் கையில் வைத்திருங்கள்.

கேன் விஷயத்தில் என் பதில்: வேண்டாம். சொந்த உபயோகத்துக்கு ஒரு கேன் டீசல் கொண்டுபோக லைசென்ஸ் கேட்பதில்லை. ஆனால் உங்கள் டிரெய்லரில் அடுப்பும் இரண்டு சிலிண்டரும் இருக்கின்றன. கணக்குப்படி ஓட்டினால் கேனுக்குத் தேவையும் வராது. ஜெனரேட்டருக்கான பெட்ரோல்தான் உண்மையான ஆபத்து. ஜெனரேட்டரை டிரெய்லருக்குள் வைத்தபடியே அதை ஊற்ற விடாதீர்கள். நன்றாக ஆறியபின் கீழே தரையில் இறக்கி வைத்து ஊற்றுங்கள். டிரெய்லரில் ஏற்றி ஊர் விட்டு ஊர் போகும்போது ஜெனரேட்டரின் டேங்க் காலியாக இருக்கட்டும், மூடி இறுகியிருக்கட்டும். கடை போட்ட ஊரில், டிரெய்லரைக் கழற்றியபின், பிக்கப்பின் பின்தட்டில் ஜெனரேட்டரைக் கட்டி எடுத்துப் போய், பங்க்கில் கீழே இறக்கி ஊற்றினால், டீசல், பெட்ரோல் இரண்டு வேலையும் ஒரே நடையில் முடியும்.

சிலிண்டர் வால்வைப் புறப்படும்போதே மூடுங்கள். அடுப்பின் திருகை மூடினால் போதும் என்று இருக்காதீர்கள். சிலிண்டரின் தலையில் மூட வேண்டும், ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போட வேண்டும். டிரெய்லரோடு பங்க்குக்குள் நுழையுமுன் உங்கள் மனைவி இறங்கி இதை ஒருமுறை கையால் தொட்டுப் பார்க்கட்டும். டேங்கர் லாரி நின்று டீசல் இறக்கிக்கொண்டிருந்தால் அந்தப் பங்க்கை விட்டு அடுத்ததுக்குப் போய்விடுங்கள்.

எந்தப் பங்க்கில் நுழைவது? சாலையிலிருந்து பார்க்கும்போதே இரண்டு வாசல் தெரிய வேண்டும், உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று. லாரிகள் நிற்கிற பங்க் என்றால் தைரியமாகப் போகலாம். லாரி திரும்புகிற இடத்தில் நீங்களும் திரும்பலாம். உங்கள் இடதுகைப் பக்கம் உள்ள பங்க் மட்டும், நடுத் தடுப்பைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போக வேண்டாம். கூரையின் கீழ் நடு வரிசைக்குள் போகாமல் ஓரத்து லாரி வரிசையில், வாசலைப் பார்த்து நேராக நிறுத்துங்கள். திரும்பும்போது டிரெய்லர் உள்பக்கமாக வெட்டும் என்பதை மறக்கக் கூடாது. பிக்கப் தாண்டிய திண்டை டிரெய்லர் சக்கரம் தாண்டாது. பிக்கப்பின் டேங்க் மூடி எந்தப் பக்கம் என்று பார்த்து, அந்தப் பக்கத்துப் பம்ப்பாகப் பிடியுங்கள். லாரிக்கு ஊற்றுகிற பெரிய நாசிலை வேண்டாமென்று சொல்லுங்கள். அந்த வேகத்தைச் சின்ன டேங்க் தாங்காது. மீட்டரில் பூஜ்யம் பார்ப்பது உங்கள் உரிமை. அளவில் சந்தேகம் வந்தால் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள். எல்லாப் பங்க்கிலும் அது இருக்க வேண்டும்.

டீசல் போட்டபின் வண்டியை நகர்த்தி ஓரமாக நிறுத்திவிட்டு டிரெய்லரைச் சுற்றி ஒரு நடை வாருங்கள். கொக்கிப் பின், சங்கிலி, லைட் ஒயர் சொருகி, டயர். கடைசியாக, இரண்டு சக்கரத்தின் நடுக்குடத்தையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருந்தால் சரி. ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால், கிரீஸ் கருகின வாடை வந்தால், பேரிங் போகிறது, அதற்கு மேல் ஓட்டாதீர்கள். போகும் வழியில் டீசல் தேவைப்படாவிட்டாலும் திருச்சிப் பக்கம் ஒருமுறை நிறுத்துங்கள் என்று சொல்வேன். டீக்குடிக்க ஆகும் நேரத்தில் இந்தக் குடத்தைத் தொட்டுப் பார்த்துவிடலாம்.

வேளாங்கண்ணியில் வண்டிகள் பல நாள் ஒரே இடத்தில் அடைபட்டு நிற்கும். கூட்டம் கலையும் நாளில் பக்கத்துப் பங்க்குகளில் நிற்க இடம் இருக்காது. அதற்கு இரண்டு நாள் முன்பே, மத்தியான ஓய்வில் பிக்கப்பை மட்டும் எடுத்துப்போய் நிரப்பி வைத்துவிடுங்கள். திரும்பி வந்ததும் போன கணக்கு, வந்த கணக்கு இரண்டையும் நோட்டிலிருந்து எழுதி அனுப்புங்கள் தம்பி. மேற்குக் காற்று உங்கள் டிரெய்லரில் எத்தனை லிட்டர் தின்றது என்று பார்த்துத்தான் குமுளிச் சாலைக்கு உங்களுக்குச் சரியான எண்ணைச் சொல்ல முடியும்.