24 அங்குலமா, 27 அங்குலமா?

கேள்வி: ஹைதராபாத்தில் இருக்கிறேன். வீட்டு கம்ப்யூட்டருக்கு மானிட்டர் வேண்டும். விலை கையைக் கடிக்கக் கூடாது. எதை வாங்கலாம்?

பதில்: அளவைப் பார்த்து மயங்காதீர்கள். 1920 × 1080 புள்ளிகளை 27 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்குச் சுமார் 82தான். தமிழ் எழுத்தின் சுழிகள் பிசிறடிக்கும். 24 அங்குலத்தில் அதுவே 92. பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐ.பி.எஸ். பேனல் உள்ள 24 அங்குலமே காசுக்கேற்ற சரக்கு. 27தான் வேண்டுமென்றால் 2560 × 1440 இருக்கட்டும். புள்ளி நிறம் மாறும் வேகத்தைச் சொல்லும் 'ஒரு மில்லி செகண்ட்' விளம்பரத்துக்கெல்லாம் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்டாண்டுக்குக் கொடுக்கலாம், கழுத்து பிழைக்கும். செகந்திராபாத் பார்க்லேனில் செனாய் டிரேட் சென்டர் இருக்கிறதே, அங்கே நாலு கடை ஏறி விலை கேளுங்கள். திரை முழுக்கக் கறுப்பு, பிறகு வெள்ளை போடச் சொல்லி, செத்த புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் பெட்டியைத் தூக்காதீர்கள்.