பழைய கம்ப்யூட்டர்: சரிசெய்வதா, மாற்றுவதா? தொடக்க நிலையினருக்கு முழுமையான வழிகாட்டி

கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்று கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில்தான் வரும். "ஃபார்மேட் போட்டுடலாம் சார்", இல்லையென்றால் "ரொம்பப் பழசு, புதுசு வாங்கிடுங்க". இரண்டையும் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன்னால், உள்ளே எந்தப் பாகம் திணறுகிறது என்று நீங்களே பார்த்துவிடுங்கள். வயதை மட்டும் வைத்து முடிவெடுத்தால் காசுதான் வீணாகும்.

1. திணறுவது எது என்று பாருங்கள்

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்துக்குப் போங்கள். சும்மா இருக்கும்போது பார்த்துப் பயனில்லை. வழக்கமாகத் திறக்கும் பிரவுசர், எக்செல் எல்லாவற்றையும் திறந்து, மெஷின் இழுக்கும் நேரத்தில் பாருங்கள்.

டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது, ஆனால் வேகம் விநாடிக்கு ஒன்றிரண்டு எம்பிதான் காட்டுகிறது என்றால் உள்ளே இருப்பது அநேகமாகப் பழைய ஹார்ட் டிஸ்க். லேப்டாப்களில் அது பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டு. சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளைப் படிக்க அதன் முள் அங்கும் இங்கும் ஓட வேண்டும். விண்டோஸ் தொடங்கும்போது நடப்பது பெரும்பாலும் அந்த வேலைதான். அதற்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டி என்ற டிரைவில் நகரும் பாகமே கிடையாது. அதனால் இந்த ஒரு மாற்றத்துக்கே மெஷின் ஆளே மாறிப்போகும்.

அடுத்து மெமரி. 4 ஜிபி ராமில் நாலைந்து டேப் திறந்தாலே 90 சதவீதத்தைத் தொடும். ராம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும். ஆக, டிஸ்க் 100 காட்டுவதற்கு ராம் பற்றாக்குறையும் காரணமாக இருக்கலாம். இரண்டு எண்ணையும் சேர்த்துப் படிக்காமல் கடைக்குப் போகாதீர்கள்.

சிபியு முழுதாக ஓடிக்கொண்டிருந்தால் எந்த புரோகிராம் என்று பாருங்கள். ஆன்டிவைரஸோ அப்டேட்டோ என்றால் முடியும்வரை விட்டுவிடலாம். வேலை இருக்கும்போதும் வேகம் 1 கிகாஹெர்ட்ஸைத் தாண்டவில்லை என்றால் சூடு ஏறியிருக்கலாம், சார்ஜர் சரியில்லாமலும் இருக்கலாம்.

2. காசில்லாத வேலைகள்

தேவையில்லாத ஸ்டார்ட்அப் புரோகிராம்களை அணையுங்கள். சி டிரைவில் கொஞ்சம் இடம் காலி செய்யுங்கள். ஃபேனில் அடைத்த தூசியைத் தட்டச் சொல்லுங்கள். 'வேகம் கூட்டும்' மென்பொருள் எதையும் போட வேண்டாம். அதுவும் ஒரு சுமைதான்.

3. மூடிக்குள் என்ன மாற்றலாம்

டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்திலேயே எத்தனை ராம் ஸ்லாட், எத்தனை பயன்பாட்டில் என்று இருக்கும். பல மெல்லிய லேப்டாப்களில் ராமை போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள். அங்கே கூட்ட வழியில்லை. டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 உட்காராது, மாடல் எண்ணைச் சொல்லியே வாங்குங்கள்.

பழைய லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி பொருந்தும். சாட்டா தருவது விநாடிக்குச் சுமார் 550 எம்பிதான், என்விஎம்இ வகை எஸ்எஸ்டி அதைவிடப் பல மடங்கு. ஆனால் பிரவுசரும் வேர்டும் மட்டும் ஓட்டுகிறவருக்கு அந்த வித்தியாசம் கண்ணில் படாது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் பழைய டிஸ்க்குக்கு எச்சரிக்கை காட்டினால், முதலில் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பேட்டரி உப்பியிருந்தால் உடனே பயன்படுத்துவதை நிறுத்துங்கள்.

4. விண்டோஸ் என்ற முட்டுக்கட்டை

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. ஆகவே அடுத்தது விண்டோஸ் 11. அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால், ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். பிராசஸர் பெயரிலேயே தலைமுறை தெரியும்: ஐ5-8250யூ எட்டாவது, ஐ5-6200யூ ஆறாவது. மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' செயலி இதைச் சோதித்துச் சொல்லும். டிபிஎம் இல்லை என்று வந்தால் பயாஸில் அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஐ5-6200யூ, 4 ஜிபி, ஹார்ட் டிஸ்க் உள்ள லேப்டாப்பை எடுத்துக்கொள்வோம். எஸ்எஸ்டியும் 8 ஜிபியும் போட்டால் நன்றாகவே ஓடும், ஆனால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. பிரவுசர், கடிதம், வீடியோ மட்டும் என்றால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டு இன்னும் சில வருடம் ஓட்டலாம். பென்டிரைவில் ஏற்றி, எதையும் அழிக்காமலே முதலில் ஓட்டிப் பார்க்கலாம். டேலி, ஃபோட்டோஷாப் வேண்டுமென்கிறவர் இந்த வழியில் போக வேண்டாம், மாற்றிவிடுவதே நல்லது.

5. கணக்குப் போடுங்கள்

என் அளவுகோல் இது: எஸ்எஸ்டி, ராம், கூலி எல்லாம் சேர்த்து, எட்டாம் தலைமுறை செகண்ட்ஹேண்ட் லேப்டாப்பின் விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடுவேன். கீல் உடைந்து, பேட்டரியும் போயிருந்தால் பாதிகூட அதிகம். இரண்டு கடையில் விலை கேளுங்கள். 2025 இறுதியில் ராம் விலை கடுமையாக ஏறியதால் பழைய கணக்கு செல்லாது. சந்தேகமாக இருந்தால் எஸ்எஸ்டியை மட்டும் முதலில் போடுங்கள். நாளை வேறு மெஷினுக்கும் அது உதவும்.

6. மாற்றுவதென்று முடிவானால்

குறைந்த பட்ஜெட்டில், மலிவான புதுசைவிட, அலுவலகங்களிலிருந்து வரும் திங்க்பேட், லாட்டிட்யூட் வகை ரீஃபர்பிஷ்டு லேப்டாப்தான் என் தேர்வு. கீபோர்டு உறுதி, உள்ளே திறக்கவும் எளிது. பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். வாரண்டியை பில்லில் எழுதி வாங்குங்கள். புதிதாகவே வாங்கினால் 16 ஜிபி ராம், முடியாவிட்டால் 8 ஜிபியும் ஒரு காலி ஸ்லாட்டும்.

பழையதைக் கொடுக்குமுன் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். சின்ன யுஎஸ்பி கேஸில் போட்டால் அதுவே வெளி டிரைவ் ஆகிவிடும். மிச்சம் மின்கழிவு சேகரிப்பவரிடம் போகட்டும்.