ஈஸ்ட் கட்டும் சுவர்



ஈஸ்ட் கலந்து கரைத்த அப்பமாவு, தாப்பா போன்ற கீழ்ப்பகுதிகளில் விரைவில் பொங்கிவிடும். நம் லெம்பா பெர்த்தாமின் குளிரிலோ வெகுநேரம் சும்மா கிடக்கும். சட்டியை அடுப்பருகே நகர்த்தி வைப்பது நம் தாய்மார் அறிந்த உபாயம். வகுப்பிலும் இதனைச் சோதித்தோம். சீனித் தண்ணீரில் ஈஸ்ட்டைக் கரைத்துப் போத்தலில் ஊற்றி, அதன் வாயில் பலூனைக் கட்டினோம். காலைக் குளிரில் பலூன் அசையவில்லை. போத்தலை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தியபின் மெல்ல எழுந்தது. “ஐயா, உள்ளே இருப்பது உயிருள்ளதா?” என்று ஒரு மாணவி எம்மை வினவினாள்.

உயிருள்ளதே. ஈஸ்ட், காளான் இனத்தைச் சேர்ந்த ஓரணு உயிர். ஏறத்தாழ 200 ஈஸ்ட் அணுக்களை வரிசையாக நிறுத்தினால் ஒரு மில்லிமீட்டர் வரும். அது சீனியை உண்டு வெளிவிடும் கரியமில வாயுவே பலூனை ஊதியது. 30 பாகை வெப்பமும் போதிய உணவும் இருப்பின், சுமார் 90 நிமிடத்தில் ஒன்று இரண்டாகும்.

ஆனால் இரண்டாவது எளிதன்று. நம் உடலின் உயிரணுவுக்கு மெல்லிய சவ்வு மட்டுமே உண்டு. ஈஸ்ட்டுக்குச் சவ்வின் வெளியே கெட்டியான சுவரும் உண்டு. உள்ளே நீர் புகுந்து, காற்றடைத்த பந்தைப்போல் அழுத்தம் மிகுந்திருக்கும். சுவர் உடைந்தால் அணு வெடித்துவிடும். நெகிழாவிட்டாலோ வளர வழியில்லை.

ஆகவே ஈஸ்ட் தன் சுவரில் ஓரிடத்தை மட்டும் நெகிழ்த்தி, நெகிழும்போதே அங்கே புதுச்சுவரையும் நெய்கிறது. குளூக்கன் என்னும் சர்க்கரைச் சங்கிலிகள் அதன் கம்பிகள்; சர்க்கரை ஏந்திய புரதங்கள் மேற்பூச்சு. அவ்விடம் சிறு அரும்பாகப் பருக்கும். அரும்பின் கழுத்தைச் சுற்றிக் கைட்டின் வளையம் அமையும். இறால் ஓட்டில் உள்ள அதே கைட்டின்தான்! தாயின் மரபுப்பொருளில் ஒரு படி அரும்பினுள் சென்றதும், கழுத்தில் குறுக்குச்சுவர் எழும். பின்னர்ச் சேய் தன் பக்கத்திலிருந்து அதனைக் கரைத்துப் பிரிந்து செல்லும். தாயின் மேல் ஒரு வட்டத் தழும்பு நிலைத்துவிடும். தழும்புகளை எண்ணினால் எத்தனை முறை ஈன்றாள் என்பது தெரியும். ஏறத்தாழ 25 முறை ஈன்றபின் தாய் ஓய்ந்துவிடும்.

எல்லா ஈஸ்ட்டும் அரும்புவதில்லை. 1893-இல் லிண்ட்னர் என்பவர் கிழக்கு ஆப்பிரிக்கத் தினை மதுவில் கண்டறிந்த வகை, நடுவில் சுவரெழுப்பி இரு பாதியாகப் பிளக்கும். அதற்கு இடப்பட்ட ‘பொம்பே’ என்னும் பெயர், சுவாகிலி மொழியில் அம்மதுவையே குறிக்கும்.

அப்பத்துக்கு உதவும் ஈஸ்ட்டின் உறவான கேண்டிடா, நோயால் மெலிந்தோரின் இரத்தத்தில் புகுந்து உயிருக்கே ஆபத்து விளைவிக்கக்கூடும். 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற காஸ்போபஞ்சின் என்னும் மருந்து, குளூக்கன் நெய்யும் வேலையைத் தடுக்கிறது. சுவர் நலிந்து கேண்டிடா மடிகிறது. நம் உயிரணுக்களுக்கோ சுவரே இல்லையாதலால், அம்மருந்து தாக்கும் இலக்கு நம்மிடத்தில் இல்லை.