சுயாதீனப் பணிப்பாளரும் கேள்வி கேட்கும் கடமையும்

கம்பனி என்பது சட்டத்தின் பார்வையில் தனியோர் ஆள். ஆனால் அதற்குச் சொந்தமாகக் கண்ணும் காதும் இல்லை. அதன் சார்பில் முடிவெடுப்பது பணிப்பாளர் சபையாகும். அச்சபையில் இருந்தும், அன்றாட முகாமையில் பங்கேற்காமல், கம்பனியை நடத்துவோருடன் நெருங்கிய குடும்ப உறவோ பெரிய வியாபாரத் தொடர்போ இல்லாதவரே சுயாதீனப் பணிப்பாளர். கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனிகள் இத்தகையோரைக் கட்டாயம் நியமிக்க வேண்டும்.

ஏன் இந்த விதி? கணக்கை எழுதியவரே அதைச் சரிபார்த்தால் பிழை வெளியே வராது. அதனால்தான் கணக்காய்வுக் குழுவிலும் இவர்கள் இடம்பெறுகின்றனர்.

எனினும் நாற்காலி மட்டும் போதாது. இந்தியாவின் சத்யம் கம்பனியின் சபையில் கற்றறிந்த சுயாதீனப் பணிப்பாளர்கள் இருந்தனர். 2008 டிசெம்பரில், தலைவரின் குடும்பத்துடன் தொடர்புடைய இரு கம்பனிகளை வாங்க அச்சபை சம்மதித்தது. பங்குதாரர்கள் எதிர்த்ததால் அது கைவிடப்பட்டது. 2009 ஜனவரி 7 இல் தலைவர் ராமலிங்க ராஜு கணக்கு மோசடியை ஒப்புக்கொண்டார். பின்னர் வந்த 2013 ஆம் ஆண்டின் இந்தியக் கம்பனிச் சட்டம், பட்டியலிடப்பட்ட கம்பனிகளின் சபையில் மூன்றிலொரு பங்கினர் சுயாதீனமானவர்களாக இருக்க வேண்டும் என்றது.

இனி எமது ஊவாவுக்கு வருவோம். 1992 இல் அரச தோட்டங்களின் முகாமை 22 பிராந்தியக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்த மீரியபெத்த தோட்டத்தின் லயன்களை மண்சரிவு மூடியது. அவ்விடம் ஆபத்தானது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. ஆனாலும் அங்கு மக்கள் தொடர்ந்து வாழ்ந்தனர். பலருக்குரிய பொறுப்பு, ஈற்றில் எவருக்கும் உரியதல்லாமல் போய்விடுகிறது.

நிலைபேறு என்பதன் பொருள் இங்குதான் விளங்குகிறது. "இலாபம் எவ்வளவு?" என்பதோடு, "எச்சரிக்கை வந்ததா? என்ன செய்தோம்?" என்றும் ஒருவர் சபையில் கேட்க வேண்டும். பதிலைக் கூட்ட அறிக்கையில் பதியச் செய்யவும் வேண்டும். சம்பளத்துக்கும் பதவி உயர்வுக்கும் முகாமையை நம்பியிராதவருக்கே இதைக் கேட்பது எளிது.

பெற்றோரே, இது செல்வந்தருக்கு மட்டும் உரிய விடயமல்ல. ஊழியர் சேமலாப நிதியின் ஒரு பகுதியும் கம்பனிப் பங்குகளில் முதலிடப்படுகிறது. பிறர் பணமும் உயிரும் அமானிதம் அல்லவா?

மாணவியரே, கம்பனிகளின் ஆண்டறிக்கைகளை எவரும் வாசிக்கலாம். சுயாதீனப் பணிப்பாளர்கள் யார், எத்தனை கூட்டங்களுக்குச் சமுகமளித்தனர் என்பதை முதலில் தேடிப் பாருங்கள்.