எண்கள் ஒத்துப்போனால் போதாது, தம்பி



கல்லூரி என்.சி.சி. அறையில் கிடக்கும் .303 லீ-என்ஃபீல்ட் ரைஃபிளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை நண்பர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். பாதிவரை நன்றாகத்தான் போனது. "எல்லா எண்களும் ஒத்துப்போவதால் இது கைபடாத அசல்" என்ற வரி வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

லீ-என்ஃபீல்டின் பூர்வோத்தரமெல்லாம் உங்களுக்கே தெரியும், நான் ஓத வேண்டியதில்லை. பட் சாக்கெட்டின் வலப்பக்கம் கிரீடம், ஜி.ஆர்., என்ஃபீல்ட், 1917, மார்க் 3 ஸ்டார் என்று வரிசையாகச் சரியாகவே படித்திருக்கிறீர்கள். ஆனால் 1917-ல் பிறந்து, பல கை மாறிச் சுடப்பட்டு, கடைசியில் சேம்பரில் ஓட்டை போட்டு டிரில் பர்ப்பஸ், அதாவது பயிற்சிக்கு மட்டும், ஆக்கப்பட்ட ஒரு துப்பாக்கியில் பாடி, போல்ட், பேரல், பேக் சைட், நோஸ் கேப் எல்லாவற்றிலும் ஒரே எண் இருந்தால் எனக்கு வருவது சந்தேகம். நீங்கள் போட்டிருக்கும் படத்தையே பாருங்கள். பாடியில் இருக்கும் 4 ஒரு சாதி, போல்ட் கைப்பிடியிலும் பேரலிலும் இருக்கும் 4 வேறு சாதி. போல்ட்டில் அந்த எண்ணுக்குக் கீழே மங்கலாக ஒரு கோடு தெரிகிறதே, அது பழைய எண்ணை நீக்க அடித்த கோடு. அதாவது ஏதோ ஒரு பட்டறையில் ஓர் ஆள் ஒரே செட் பஞ்ச்சை எடுத்து, பாடியின் எண்ணை மற்ற உறுப்புகளில் ஒரே உட்காரலில் அடித்திருக்கிறார். எண்கள் ஒத்துப்போவதே இது பிரித்துக் கட்டிய துப்பாக்கி என்பதற்குச் சாட்சி. நீங்கள் அதே சாட்சியை எதிர்க்கட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

ஆயுதம் பழுதுபார்க்கும் ஆர்மரர் எதற்கு எண் அடிக்கிறான் என்று யோசித்தீர்களா? லீ-என்ஃபீல்டின் போல்ட் பின்பக்கம் பூட்டுவது. அதன் இரண்டு பிடிகளும் அந்தந்த பாடியில் சமமாக உட்கார வேண்டும். தோட்டாவின் விளிம்புக்கும் போல்ட் முகத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியை கேஜ் வைத்துப் பார்த்து, போல்ட் ஹெட்டை மாற்றி மாற்றிச் சரிசெய்தபின்தான் எண் விழும். "இந்த ஜோடியை நான் பார்த்துவிட்டேன்" என்ற கையெழுத்து அது.

எழுபதுகளில் நான் ஆயுதக் கிடங்கில் சேர்ந்த புதிதில், மழைக்காலத்துக்கு முன் எல்லா ரைஃபிளையும் சுத்தம் செய்யச் சொன்னார்கள். புதுப் பையன்கள் போல்ட்டுகளை மொத்தமாகக் கழற்றி ஒரே மண்ணெண்ணெய்த் தொட்டியில் போட்டுவிட்டார்கள். என் உஸ்தாத், ராணுவத்தில் பழுதுபார்க்கும் ஈ.எம்.ஈ. பிரிவில் இருந்து வந்தவர், ஒரு வார்த்தை திட்டவில்லை. தொட்டிப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து எண் பார்த்துத் துடைத்து அடுக்கினார். எண் தேய்ந்துபோனவற்றைத் தனியே வைத்து கேஜ் கேட்டார். "நம்பர் இல்லாட்டி இது வெறும் இரும்பு, நம்பர் தப்பா இருந்தா எமன்" என்பார். சுத்தம் செய்வதும் லேசான வேலையில்லை. அந்தக் காலத்து .303 தோட்டாக்களில் பல, சுட்டபின் பேரலுக்குள் உப்பை விட்டுவிட்டுப் போகும். கொதிக்கும் வெந்நீர் ஊற்றி, புல்-த்ரூ கயிறு இழுத்து, எண்ணெய் விட வேண்டும். ராமநாதபுரத்துக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வெளியிலிருந்து வரும் உப்பு வேறு. இந்த ஊரில் ஆர்மரர் வேலை பார்ப்பவனுக்கு ஓய்வு கிடையாது.

சுத்தம் செய்யும் விஷயத்தில்தான் உங்கள்மேல் எனக்கு இரண்டாவது கோபம். "கறுப்புப் பெயின்ட்டைச் சுரண்டி அசல் உலோகத்தை வெளிக்கொண்டு வந்தோம்" என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். பட் பிளேட்டை பிராசோ போட்டு மினுக்கிப் படமெடுத்திருக்கிறீர்கள். தம்பி, அந்தப் பெயின்ட்தான் ஆதாரம்! வங்காளத்தில் ஹூக்ளிக் கரையிலுள்ள இச்சாபூர் ஃபேக்டரி, பழுதுபார்த்த ரைஃபிள்களுக்குப் பூசி அனுப்பும் பூச்சு அது. பேரலைத் தாங்கும் முன்மரமான ஃபோர் எண்டின் குறுக்கே ஒரு திருகு போவதையும் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் "உள்ளூர்த் தச்சர் வேலை" என்று தள்ளிவிட்டீர்கள். மரம் பிளக்காமல் இருக்க இச்சாபூர்க்காரர்கள் போட்ட திருகு அது, துப்பாக்கி பார்க்கிறவர்கள் அதன் பெயரையே இச்சாபூர் திருகு என்று வைத்திருக்கிறார்கள். என்ஃபீல்டில் பிறந்தது இச்சாபூரில் மறுபிறவி எடுத்தது என்று சொல்ல வேண்டிய இரண்டு சாட்சிகளில் ஒன்றைச் சுரண்டிவிட்டீர்கள், மற்றதை அவமதித்துவிட்டீர்கள். அந்த ஃபேக்டரி சும்மா ஒட்டுப்போடுகிற இடமில்லை. 1965-ல் அங்கிருந்து வந்த 7.62 2ஏ1 ரைஃபிள் பழைய .303-ஐத் துளை மாற்றிச் செய்தது என்று இன்றைக்கும் சொல்லித் திரிகிறார்கள். அதன் பாடி புது எஃகில் புதிதாகச் செய்தது.

இது அரண்மனையிலிருந்து வந்தது என்ற கதையை விட்டுவிடுங்கள். கிரீடத்தின் கீழ் இருக்கும் ஜி.ஆர். ஐந்தாம் ஜார்ஜ், ராமநாதபுரம் மன்னர் சேதுபதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அரண்மனையின் ராமலிங்க விலாசத்தில் வாளும் ஈட்டியும் வளரியும் இருக்கின்றன என்பதற்காக மாவட்டத்திலுள்ள பழைய இரும்பையெல்லாம் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது.

இனி, கட்டுரைத் தலைப்பில் நீங்கள் போட்டிருக்கும் டார்கெட் ரைஃபிள் விஷயம். பாடியின் இடப்பக்கம் ஒரு தழும்பு இருப்பதைப் பார்த்து, துளை வைத்த பின்சைட் ஒன்று அங்கே மாட்டியிருந்ததாக ஊகித்தீர்கள். அந்த ஊகம் அபாரம், நான் ஒத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தில் பிஸ்லி மைதானத்தில் 1890 முதல் துப்பாக்கி சுடும் போட்டி நடக்கிறது. அங்கே ராணுவ ரைஃபிளின் உருவம் மாறாமல் இப்படிப்பட்ட சைட் மட்டும் மாட்டிச் சுடுகிற தனிப் பிரிவே இருந்தது. பார்க்கர்-ஹேல் போன்ற பர்மிங்காம் கம்பெனிகள் அதற்காகவே சைட் விற்றன. நம் பக்கத்தில் தென்னிந்திய ரயில்வேக்கு வாலண்டியர் ரைஃபிள்ஸ் படை இருந்தது. வெள்ளைக்கார, ஆங்கிலோ இந்திய ஊழியர்கள் அதில் பயிற்சி எடுத்தார்கள். 1920-க்குப் பின் அது துணைப்படையில் சேர்ந்து, 1947-ல் கலைந்தது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடிவரை அவர்கள் ரயில்தான். உங்கள் ரைஃபிள் அங்கிருந்து வந்திருக்கலாம். 'இருக்கலாம்' என்பதோடு நிறுத்துங்கள்; பட்டில் படைப்பிரிவின் பெயர் அடித்த வில்லை இல்லாதவரை அதற்கு மேல் ஒரு அடி வைக்காதீர்கள்.

ஆனால் சைட்டை மாட்டக் கால்மணி நேரம் போதும். டார்கெட் சுடுகிறவனின் உண்மையான வேலை மரத்துக்குள் இருக்கும். எனக்கு இதில் ஒரு பைத்தியம், பொறுத்துக்கொள்ளுங்கள். பாடி மரத்தில் எங்கே அமர்கிறது, நடுவே உள்வளையம் பேரலை எப்படிப் பிடிக்கிறது, நோஸ் கேப்புக்குக் கிட்ட சின்ன ஸ்பிரிங்கும் ஸ்டட்டும் பேரலை எவ்வளவு மேலே தள்ளுகின்றன என்பதில்தான் குறி இருக்கிறது. பிஸ்லியில் ஃபுல்டன் கடை இந்த வேலைக்கே பேர் வாங்கியது. ரம்பத்தூள், கார்க், தகடு என்று யாராவது வைத்து ஒட்டிய தடயம் இருந்தால் கை வைத்தவன் தெரிவான். தாங்கும் இடத்தில் செம்புத் தகடு இருந்தால் ஆஸ்திரேலியாவின் லித்கோ மரம் வந்து சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அங்கத்திய மரம் மென்மையானது என்பதால் செம்பு வைத்தார்கள். மரம் இச்சாபூரிலேயே மாற்றியது என்றால் டார்கெட் வேலை முழுக்கப் போய்விட்டது. அப்போது உங்கள் கையில் இருப்பது ஒரு காலத்தில் டார்கெட் ரைஃபிளாக இருந்த பாடி. கட்டுரைத் தலைப்பில் அந்தப் பெயர் நிற்காது.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு முத்திரையையும் அளவுகோல் வைத்துக் கையால் வரைந்து, எந்தப் பக்கம் ஒளி விழுந்தால் எது தெரிகிறது என்று குறித்திருக்கிறீர்களே, என் உஸ்தாத் பார்த்திருந்தால் அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போயிருப்பார். நான் பார்த்த எந்த ஆர்மரரும் இப்படிச் செய்யவில்லை. அந்த வரைபடத்தால்தான் இத்தனை தூரம் உட்கார்ந்த இடத்திலிருந்தே என்னால் பேச முடிகிறது.

என்.சி.சி. அதிகாரியிடம் மறுபடி எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஓட்டை போட்டதானாலும் அது சர்க்கார் ஆயுதம், .303 தடைசெய்யப்பட்ட துளை அளவு. முதலில் ஃபோர் எண்டைக் கழற்றச் சொல்லுங்கள். பட் திருகில் அதற்கு முன் யாரும் கை வைக்கக்கூடாது. அந்தத் திருகின் சதுர முனை ஃபோர் எண்டுக்குள் மாட்டியிருக்கும், திருப்பினால் மரம் பிளந்துவிடும். கழற்றியதும் பேரலின் அடிப்பகுதியில், பாடியோடு சேருமிடத்துக்குச் சற்று முன்னால், இடப்பக்கம் பாருங்கள். அங்கே பேரலின் வருடம் அடித்திருக்கும். துடைக்காமல் வரைந்து அனுப்புங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆர்மரர் ஒருவன்
ராமநாதபுரம்