குரலைக் காக்கும் கருவி
(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

முன்னுரை

எழுதிய எழுத்து ஏட்டில் நிற்கும். பேசிய பேச்சு காற்றோடு போய்விடும். பாட்டி பாடும் தாலாட்டும், நடவு வயலில் எழும் குலவையும், பாடுவோர் மறைந்தால் மீண்டும் கிடைப்பதில்லை. 1877-ஆம் ஆண்டில் எடிசன் ஃபோனோகிராஃப் கருவியைக் கண்டுபிடித்தபின் இந்நிலை மாறியது. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனத்தார் கேசட்டை அறிமுகப்படுத்தியபின் ஒலிப்பதிவு எளிய வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. இன்று உள்ளங்கையில் அடங்கும் ரெக்கார்டரால் பேட்டி எடுக்கலாம், வலையொலி நடத்தலாம், பறவையின் ஒலியைப் பதியலாம். ஆனால் கடைக்குச் சென்றால் எதை வாங்குவதெனத் திகைக்கிறோம். அதற்கு ஒரு வழி காண்போம்.

பதிவின் பெருமை

1910-களிலும் 1920-களிலும், ஜார்ஜ் கிரியர்சனின் இந்திய மொழி அளவாய்வுக்காகப் பல மொழிகளின் பேச்சு இசைத்தட்டுகளில் பதியப்பட்டது. அவற்றுள் பலவற்றில், நாமறிந்த ஊதாரி மைந்தன் கதையையே மக்கள் தத்தம் மொழியில் சொல்கின்றனர். பேசியவர்கள் மறைந்துவிட்டனர், குரல்கள் இன்றும் கேட்கின்றன. நம் ஊர் முதியோரின் குரலை நாம் பதியாவிட்டால் வேறு யார் பதிவர்?

எங்கே பதியப் போகிறோம்?

கருவியின் விலையைக் கேட்குமுன் இதை நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். அறைக்குள் இருவர் உரையாடும் வலையொலிக்கு ஆளுக்கொரு மைக் இருப்பது நல்லது. ஆகவே மேடை மைக்குகளைச் செருகும் ‘எக்ஸ்.எல்.ஆர்.’ துளைகள் இரண்டு வேண்டும். சில மைக்குகளுக்குக் கருவியே 48 வோல்ட் மின்சாரம் தரவேண்டும். அவ்வசதி உண்டா என்றும் கேட்க வேண்டும். வயலுக்கும் தோப்புக்கும் செல்வோருக்கோ, கருவியிலேயே பொருத்திய இரட்டை மைக்கும், நெடுநேரம் உழைக்கும் பேட்டரியும், எடைக் குறைவுமே முக்கியம். எடுத்துக்காட்டாக, 2024-இல் வெளிவந்த ஜூம் எச்1 எசென்ஷியல் சிறியது, அதில் எக்ஸ்.எல்.ஆர். துளை இல்லை. அதே ஆண்டில் வந்த எச்4 எசென்ஷியலில் இரண்டு உண்டு.

கருவியின் இரைச்சல்

எந்த ரெக்கார்டரும் தானாகவே ‘உஸ்’ என்ற மெல்லிய இரைச்சலைச் சேர்க்கும். அருகில் பேசும் குரலில் அது மறைந்துவிடும். தொலைவில் கூவும் குயிலின் ஒலியில் தெளிவாகத் தெரியும். எனவே வாங்குமுன், அமைதியான இடத்தில் அரை நிமிடம் ஒன்றும் பேசாமல் பதிந்து, ஹெட்போனில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஒலியின் அளவு

குரல் அளவு மீறினால் பதிவு கரகரத்துச் சிதைந்துவிடும்; பின்னர் திருத்துவது அரிது. ஆகவே, உரத்த இடத்திலும் முள் மைனஸ் 12 டெசிபெல் அளவைத் தாண்டாதபடி வைப்பது வழக்கம். ‘32 பிட் ஃப்ளோட்’ முறையில் பதியும் புதிய கருவிகளில் இக்கவலை பெரிதும் குறைவு. முன்னறிவிப்பின்றி ஒப்பாரி வைக்கும் மூதாட்டியைப் பதிவோருக்கு இது பேருதவி. ஆயினும் மைக் தாங்கும் அளவை மீறிய ஒலியை இம்முறையாலும் காக்க இயலாது.

கோப்பும் கொள்ளளவும்

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் அளவில், இரட்டை ஒலித்தடமாக, ‘வேவ்’ வகையில் ஒரு மணி நேரம் பதிந்தால் ஏறத்தாழ 1 ஜிகாபைட் ஆகும். 128 கிலோபிட் எம்பி3 வகையிலோ சுமார் 58 மெகாபைட்தான். எம்பி3 ஒலியின் சில பகுதிகளை நீக்கியே சுருக்குகிறது. நீக்கியதை மீட்க முடியாது. எனவே மூலப் பதிவை வேவ் வகையில் வைத்துக்கொண்டு, பிறருக்கு அனுப்ப மட்டும் எம்பி3 ஆக்குவதே அறிவுடைமை.

பணம் குறைவானால்

விலையுயர்ந்த கருவி இல்லையே என வருந்த வேண்டாம். வெட்டவெளியில் மைக்கைப் பேசுபவரிடம் பாதித் தொலைவுக்கு நெருக்கினால் குரல் 6 டெசிபெல் கூடுகிறது. இதற்குக் காசு செலவில்லை! மின்விசிறியை நிறுத்துவதும், பாயும் திரைச்சீலையும் உள்ள அறையைத் தேர்வதும் அவ்வாறே. கைப்பேசியிலும் இவ்வாறு நல்ல பேட்டி எடுக்கலாம். மிச்சமாகும் பணத்தில் ஹெட்போனும், காற்றுத் தடுக்கும் ரோம உறையும் வாங்கலாம். உறையில்லாத மைக்கில் சிறு காற்றும் இடிபோல் ஒலிக்கும்.

முடிவுரை

கருவி எதுவாயினும், பேசுபவரின் சம்மதம் பெற்றே பதிய வேண்டும். பெயர், ஊர், தேதி ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே சொல்லிப் பதிந்து, இரண்டு இடங்களில் படியெடுத்து வைக்க வேண்டும். அடுத்த ஆண்டு புதுக்கருவி வரும். அடுத்த ஆண்டும் பாட்டி பாடுவார் என்பதற்கு உறுதி இல்லை. ஆகவே தோழியரே, நல்ல கருவி கிடைக்கும்வரை காத்திராமல், கையிலுள்ளதைக் கொண்டு இவ்விடுமுறையிலேயே தொடங்குவோமாக!